முண்டன் இல்லாத கரை

ஜூலை 2

முண்டன் இன்று காலை செத்துப்போனான். எருமை இடுப்பில் குத்தி ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு கிடந்தான். புளியமரத்தடியில் படுத்தவன் படுத்தபடியே போய்விட்டான்.

அண்ணன் மகள் கோமதி இந்த டைரியைக் கையில் கொடுக்கும்போது, "ஒண்ணும் தெரியாதவங்களுக்குச் சொல்லுத மாதிரி எழுதுங்க சித்தப்பா. அப்பதான் எங்களுக்குப் படிக்க நல்லா இருக்கும்" என்றாள். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். முண்டன் என்பது சிங்கம். நான் ஆவுடையப்பன். சங்கரன்கோவில் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் போட்டுக்கொண்டிருந்தவன். இப்போது தான்சானியாவில், கிசாரே ஆற்றங்கரை முகாமில் சிங்கத்தின் சத்தத்தைப் பதிவு செய்கிற உத்தியோகம். நாகர்கோவில் டாக்டர் ஜெபஷீலா முண்டந்துறைக் காட்டில் சோலைமந்திகளை ஆராய்ந்த காலத்தில் நான் பிடித்துக் கொடுத்த சத்தங்களைக் கேட்டுவிட்டு, கையோடு இங்கே கூட்டிவந்துவிட்டார். பிடிக்காமலா கூட்டிவருவார்? எங்கள் வட்டாரத்தில் என்னைப் போல் காது உள்ளவன் கிடையாது. சொன்னால் தற்பெருமை என்பார்கள். இருக்கட்டும்.

டாக்டரிடம் சிங்கங்களுக்கு எண் உண்டு. எனக்கு எண் ஒட்டாது. இந்தக் கரையை ஆண்ட அண்ணன் தம்பிக்கு மாடன், முண்டன் என்று முதல் நாளே பெயர் வைத்தேன். எங்கள் கோயிலில் சுடலைமாடன் நிற்கிற இடத்தில் பக்கத்திலேயே முண்டனும் நிற்பான். இவர்களும் அப்படித்தான் நின்றார்கள். தென்கரை முழுக்க இவர்களுடையது. நாலு பெண்சிங்கங்கள், ஐந்து குட்டிகள். வடகரையில் மூன்று இளந்தாரி ஆண் சிங்கங்கள் இடமில்லாமல் அலைகிறார்கள். அவர்கள் ஆற்றைத் தாண்டி மாடனை விரட்டினால், முதல் வேலையாகக் குட்டிகளைக் கொல்வார்கள். கொடூரம் என்று கோபப்படாதே கோமதி. புதிதாக வருகிற ஆண் சிங்கத்தின் வழக்கம் அது.

இதுவரை ஏன் வரவில்லை? இந்தப் பக்கம் இரண்டு குரல் கேட்டது. அதனால்தான்.

ஜூலை 4

மாடன் நேற்று வரை முண்டனை விட்டு நகரவேயில்லை. நேற்று கழுதைப்புலிகளை விரட்டினான். இன்று அவனுக்கே அலுத்துவிட்டது போல, எழுந்து போய்விட்டான்.

விடியற்காலையில் கர்ஜித்தான். இந்தச் சத்தம் ஐந்தாறு கிலோமீட்டர் போகும். முன்னெல்லாம் மாடன் ஆரம்பிப்பான், முண்டன் பாதியில் சேர்ந்துகொள்வான். பிறகு எந்தச் சத்தம் யாருடையது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. இன்று பாதியில் நிறுத்தினான். தலையைத் தூக்கிக் காத்திருந்தான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினான்.

எனக்கு அந்த நிறுத்தம் தெரியும். ஊரில் செட் கட்டி முடித்ததும் என் அண்ணன் சங்கிலி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். நான் கடைசிக் குழாய் ஒலிபெருக்கி கட்டிய இடத்தில் நிற்பேன், அரை மைல் இருக்கும். சத்தம் எட்டுகிறதா என்று பார்க்க, "ஏல ஆவுடை, கேக்கா?" என்பான். நான் தொண்டை கிழிய, "கேக்கு!" என்று கத்த வேண்டும். அது வராமல் அண்ணன் ஒரு பாட்டு போட மாட்டான். ஊர்ப்பெரியவர்கள் அவசரப்படுத்தினாலும் சரி, சாமி வந்து ஆடினாலும் சரி.

போன புரட்டாசியில் அண்ணன் இறந்தான். போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பினேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 5

ஜெனரேட்டர் மக்கர். டிரைவர் லெமாயான் செய்த களி அடிப்பிடித்துவிட்டது. நான் புளிக்குழம்பு வைத்தேன். களிக்குப் புளிக்குழம்பு ஊற்றித் தின்னும் ஒரே மசாய் இவனாகத்தான் இருப்பான்.

ஜூலை 8

வந்துவிட்டார்கள். ஆற்றின் கீழ்த்துறையில் மூன்று பேரின் காலடியும் ஈரமாக இருந்தது. மாடன் எப்போதும் மூத்திரம் பெய்து எல்லை குறிக்கும் புதர்மேலேயே இவர்களும் பெய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன திமிர்!

டாக்டரிடம் கேட்டேன். "ஏதாச்சும் செய்யக் கூடாதா டாக்டர்?"

"என்ன செய்யணும்ங்கறீங்க அண்ணாச்சி?"

"மூணு பேரையும் அந்தப் பக்கமே நிறுத்துத மாதிரி..."

"நாம பாக்க வந்தவங்க. மாடனும் முண்டனும் இந்தக் கரைய எப்படிப் பிடிச்சாங்க? முன்ன இருந்தவனோட குட்டிகளைக் கொன்னுதானே? அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க? கைதட்டினீங்க."

உண்மைதான். கைதட்டினேன்.

"அவனுக்கு இருக்கறது குரல் மட்டும்தான். மூணு பேரு ஒத்தக் குரலைக் கேட்டா வருவாங்க. ரெண்டு கேட்டா யோசிப்பாங்க. சிங்கத்துக்கு அந்தக் கணக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

அவர் விளக்கமாகத்தான் சொன்னார். எனக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது.

ஜூலை 9

இன்று வேலை குறைவு. பழைய கதை ஒன்றை எழுதி வைக்கிறேன். கோமதி, உன் அப்பாவின் பெருமை உனக்கும் தெரியட்டும்.

ஒரு கொடையில் மேலத்தெருவுக்கு நம் செட், கீழத்தெருவுக்கு ஆலங்குளத்துக்காரன் செட். அவனிடம் பன்னிரண்டு குழாய், நம்மிடம் அதில் பாதி. பாட்டுப் போட்டால் நம் அம்மன் பாட்டு நமக்கே கேட்கவில்லை. ஊரே சிரிக்கிறது. அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு குழாயைக் கழற்றி என் தோளில் ஏற்றி, இருக்கிற வயரை எல்லாம் முடிந்து, கீழத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் பனையில் கட்டச் சொன்னான். பாட்டுப் போட்டதும் ஆலங்குளத்தானுக்கு முன்னாலும் சத்தம், முதுகுக்குப் பின்னாலும் சத்தம். "இன்னொரு செட்டும் இறக்கிட்டானுவளா?" என்று திகைத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டான். நான் பனையில் தொங்கிக்கொண்டே சிரித்தேன்.

சங்கிலி சவுண்ட் சர்வீஸ் என்றால் சும்மாவா?

ஜூலை 11

மாலையில் தனியாக ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழ்த்துறைக்குப் போய்க் குழாய் சோதனை செய்தேன். குழாய் நன்றாக வேலை செய்கிறது.

ஜூலை 12

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஆவுடையப்பன் தன் டைரியிலேயே ஒளிந்து விளையாடுவதா? சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வேலையில் குழாய் உண்டு. வெளியூர்ச் சிங்கத்தின் கர்ஜனையைப் போட்டால் உள்ளூர்ச் சிங்கங்கள் யாரடா அவன் என்று வரும். டாக்டர் எண்ணிக்கொள்வார். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு சிங்கத்தின் குரலை அது வாழ்ந்த இடத்திலேயே போடக் கூடாது. ஜாடையாகச் சொல்லவில்லை, முதல் நாளே என் முகத்துக்கு நேரே சொன்னார்.

நான் முண்டனின் குரலைப் போட்டேன். போன மாசியில் நான் பிடித்தது. என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமான பதிவு எதையும் பிடித்ததில்லை. மாடன் மேட்டுப்பக்கம் கர்ஜித்தான். அவன் முடிக்கும் முன் ஆற்றங்கரையிலிருந்து முண்டன் சேர்ந்துகொண்டான். இரண்டு குரல்! எனக்கே மயிர் சிலிர்த்தது.

ஆற்றின் நடு மணல்திட்டு வரை வந்திருந்த மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். திரும்பினார்கள். வடகரை ஏறிப் போயே போய்விட்டார்கள்.

பனையும் வேண்டாம், வயரும் வேண்டாம். அண்ணன் பார்த்திருந்தால் முதுகில் ஒன்று போட்டிருப்பான்.

ஜூலை 14

மறுபடியும் போட்டேன். மறுபடியும் ஓட்டம். டாக்டர் சாப்பாட்டு வேளையில், "ஆச்சரியமா இருக்கு அண்ணாச்சி, அவனுங்க உள்ள வரல்லியே" என்றார். "மாடன்னா சும்மாவா டாக்டர்?" என்றேன். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

மத்தியானம் மதினி, அண்ணன் மனைவி, போனில் பேசினாள். எப்போதும் போல் என் சாப்பாட்டை விசாரித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "தம்பி, உங்க அண்ணன் பேசுனது ஏதாவது உங்க போனுல கெடக்கா? எங்க போனு உடைஞ்சதுல எல்லாம் போயிட்டு. கோமதி தேடித் தேடி அழுதா."

"இல்ல மதினி" என்றேன்.

இருக்கிறது. போன வருஷம் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கிய அன்று அண்ணன் அனுப்பியது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. வந்த அன்று கேட்டது, அதற்குப் பிறகு தொட்டதில்லை. தொட்டால் தாங்க மாட்டேன். அனுப்புவதென்றால் அதைத் திறக்க வேண்டும் அல்லவா? கோமதி, இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டாதே.

ஜூலை 15

குழாய். ஓட்டம். வெற்றி.

ஜூலை 17

குட்டி ஒன்று போய்விட்டது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் டாக்டர் லாப்டாப்பை என் பக்கம் திருப்பினார். மாடன் கழுத்தில் இருக்கும் பட்டை அவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். முந்தாநாள் மாலையிலிருந்து அவன் கீழ்த்துறையை விட்டு அசையவில்லை. வேட்டைக்குப் போகவில்லை, மேட்டில் குட்டிகளிடமும் போகவில்லை.

மூவரும் போய்ப் பார்த்தோம். நான் ஜீப்பை நிறுத்திக் குழாய் வைத்த அதே இடத்தில் படுத்திருந்தான். மண்ணை மோந்தான். எழுந்து புதருக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து படுத்தான். மெல்லிய குரலில் ஒரு முனகல். சிங்கம் தன் ஆளைக் கூப்பிடும்போது வரும் சத்தம் அது. அண்ணனும் தம்பியும் சேரும்போது எத்தனையோ தடவை பதிவு செய்திருக்கிறேன்.

வடகரை மூன்று பேரும் மேல்துறை வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். மேட்டில் காவலுக்கு ஆண் இல்லை. பெண்சிங்கங்களில் மூத்தவள் பேச்சி, காது கிழிந்தவள், மற்றக் குட்டிகளைப் பாறைப்பக்கம் ஓட்டிப் போய்க் காப்பாற்றியிருக்கிறாள். அவள் குட்டி ஒன்று சிக்கிவிட்டது. அதை வாயில் கவ்விக்கொண்டே திரிந்தாள்.

டாக்டர் ஜீப்பின் டயர் தடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முண்டனைப் போட்டீங்களா?"

"ஆமா டாக்டர்."

"எத்தனை வாட்டி?"

சொன்னேன்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. "அந்த மூணு பேருக்கும் கேக்கும்னு யோசிச்சீங்க. இவனுக்கும் கேக்கும்னு யோசிக்கல்லியே அண்ணாச்சி. தம்பி வந்துட்டான்னு இவன்கிட்ட நீங்க சொல்லிட்டீங்க. இனி யாரு போயி இல்லன்னு சொல்லுவா?"

பதிவு இருந்த கார்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். காது, காது என்று பீற்றிக்கொண்டேனே, எதிரியின் காதைத்தான் கணக்கில் எடுத்தேன்.

ஜூலை 18

துணி துவைத்தேன். பெட்டி கட்டினேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "எங்க கெளம்பறீங்க?" என்றார். "நீங்களே அனுப்புததுக்கு முந்தி..." என்றேன். "எப்ப அனுப்பணும்னு எனக்குத் தெரியும். போயி மைக்கைத் தொடைங்க" என்றார். லெமாயான் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த புளியை எடுத்துக்கொண்டு போனான்.

மாடன் இன்னும் கீழ்த்துறையில்தான். வயிறு ஒட்டிவிட்டது.

ஜூலை 20

இன்று நடந்ததை என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்வேன். கல்யாணமே ஆகாதவனுக்கு ஏது பேரப்பிள்ளை என்று கேட்காதே. கோமதி, உன் பிள்ளைகளிடம் சொல்வேன்.

வெளுக்கும் நேரத்தில் மூன்று பேரும் மணல்திட்டில் நின்றார்கள். ஒளிவுமறைவே இல்லை. மூவரும் சேர்ந்து கர்ஜித்தார்கள். ஜீப்பின் தகரம் அதிர்ந்தது. நான் மைக்கை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.

மாடன் எழுந்தான். தனியாள், வயதானவன், பட்டினி கிடந்தவன். புத்தியுள்ள சிங்கம் இந்த நேரத்தில் சத்தமில்லாமல் நழுவிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவன் தண்ணீர் வரை இறங்கிப் போய் நின்றான். தம்பி எங்கோ பக்கத்தில் இருக்கிறான் என்று நம்பித்தானே நிற்கிறான்! நம்ப வைத்தவன் நான். 

கர்ஜித்தான். பாதியில் நிறுத்தினான். காத்திருந்தான்.

டாக்டர் சட்டைப் பையில் கை விட்டார். முண்டனின் குரல் இருந்த கார்டை உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினார். கண் நிறைந்திருந்தது. "அண்ணாச்சி, கொன்னுருவாங்க" என்றார். கட்டுப்பாடு போட்டவரே அதை என்னிடம் நீட்டுகிறார்.

வாங்கக் கை பரபரத்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் போட்டால் அவன் திரும்பி எங்கள் ஜீப்பைப் பார்த்து ஓடி வருவான். அந்த மூன்று பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, முகமெல்லாம் ஆசையோடு வருவான்.

"வேண்டாம் டாக்டர். பொய்க்குரல் போட்டு அவன நான் கூப்பிட்டது போதும்" என்று அவர் கையை மூடிவிட்டேன்.

மாடன் மறுபடி கர்ஜித்தான். மறுபடி நிறுத்தினான். முதலாவது இளந்தாரி தண்ணீரில் கால் வைத்தான்.

அப்போது மேட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

பேச்சி! குட்டியைப் பறிகொடுத்த பேச்சி. மாடன் விட்ட இடத்தில், சரியாக அந்த இடத்தில் சேர்ந்தாள். அவள் முடிக்கும் முன் அடுத்தவள். அப்புறம் மற்ற இருவரும். நான்கு பேரும் சரிவில் இறங்கிக்கொண்டே கர்ஜித்தார்கள். புல்லுக்கு மேலே அவர்கள் முதுகு தெரிந்தது. மாடன் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்தான். அடுத்த கர்ஜனையை அவன் பாதியில் நிறுத்தவில்லை.

ஐந்து குரல். நான் ரேடியோ செட் போட்ட காலத்திலும் சரி, காட்டில் மைக்கைப் பிடித்த காலத்திலும் சரி, இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. லெமாயான் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி, "மாமா! மாமா!" என்று கத்தினான். இந்த நாட்டுப் பாஷையில் அம்மா என்று அர்த்தம்.

தண்ணீரில் இறங்கியவன் காலை எடுத்துக்கொண்டான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நின்றவன் முதலில் திரும்பினான். மற்ற இருவரும் ஏதோ ஞாபகம் வந்தவர்கள் மாதிரி அவன் பின்னால் போனார்கள். பேச்சி நிற்கவில்லை. தண்ணீரில் பாய்ந்து மணல்திட்டு வரை விரட்டிவிட்டுத்தான் திரும்பினாள்.

"இது கடைசி இல்ல. இன்னும் வருவாங்க" என்றார் டாக்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வரட்டும் டாக்டர். யாரு கரைன்னு கேட்டுட்டுப் போகட்டும்."

மாடன் பேச்சியின் கழுத்தில் தலையை வைத்து உரசினான். பிறகு கீழ்த்துறையை விட்டு, குட்டிகள் இருக்கும் பாறைப்பக்கம் அவள் பின்னாலேயே நடந்தான். புதரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அதற்கு மேல் நிற்கவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஐந்து குரலும் பதிவாகியிருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல்.

ஜூலை 21

காலையில் மதினியைக் கூப்பிட்டேன். "அண்ணன் பேசுனது எங்கிட்ட இருக்கு மதினி. அன்னைக்கு இல்லன்னு பொய் சொல்லிட்டேன். அனுப்புதேன்" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "அனுப்புங்க தம்பி" என்றாள். திறந்து கேட்காமல் அப்படியே அனுப்பினேன்.

மத்தியானம் வரை அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. குழாயைத் துடைத்தேன், வயரைச் சுற்றினேன், சுற்றிய வயரையே மறுபடி சுற்றினேன். பிறகு போன் அடித்தது. மதினி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"சமையக்கட்டுல வச்சுப் போட்டோம் தம்பி. எப்பவும் போல, 'ஏல ஆவுடை, கேக்கா?'ன்னாக. நான், கோமதி, சின்னவ, மூணு பேரும் ஒண்ணு போல 'கேக்கு!'ன்னு கத்திட்டோம். யாரும் சொல்லி வைக்கல. பக்கத்து வீட்டுக்காரி என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டா."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சொன்னியளா தம்பி?"

"இல்ல மதினி."

"உங்களத்தான கேட்டிருக்காக. சொல்லுங்க" என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். அழுத்தினேன். அண்ணன் முதலில் தொண்டையைச் செருமினான். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு கேட்டான்.

கடைசிக் குழாயடியிலிருந்து அண்ணனுக்கு எட்டுகிற மாதிரி, உரக்கவே சொன்னேன்.